'ச்சீ' என்ற பூனைக்குட்டியின் கதை குழந்தைகளுக்கானதா?

2024 அக்டோபர் 6

வாசகர் ஒருவரின் கேள்வி: "என் ஏழு வயது மகனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொனாமி கனாட்டாவின் 'சிஸ் ஸ்வீட் ஹோம்' என்ற மங்காவின் (ஜப்பானியப் படக்கதை) முதல் தொகுதியை வாங்கிக் கொடுத்தேன். அட்டையில் உருண்டைக் கண்ணோடு ஒரு பூனைக்குட்டி இருந்ததால் குழந்தைகள் புத்தகம் என்று நம்பிவிட்டேன். முதல் அத்தியாயத்திலேயே குட்டி தாயைப் பிரிந்துவிடுகிறது. பையன் அழுதுவிட்டான். அதன் அம்மா எப்போது வருவாள் என்று தினமும் கேட்கிறான். இது குழந்தைகளுக்கான கதைதானா?"

அக்டோபர் 6, இரவு

இல்லை. கோதான்ஷா நிறுவனத்தின் 'மார்னிங்' வார இதழில் 2004 முதல் 2015 வரை வந்த கதை இது. வேலைக்குப் போகும் வளர்ந்த ஆண்களை மனத்தில் வைத்து 1982-இல் தொடங்கப்பட்ட இதழ் அது. வாள் வீசும் சாமுராய் ஒருவனின் கதைக்கும், கம்பெனியில் படிப்படியாகப் பதவி உயரும் அதிகாரி ஒருவரின் கதைக்கும் நடுவில் சில பக்கங்கள் மட்டும் இந்தக் குட்டி வந்து போகும். 12 தொகுதிகளாகத் திரட்டியபோது எல்லாவற்றையும் முழு வண்ணத்தில் அச்சிட்டார்கள். அந்த வண்ணமும் அட்டைப்படமும் சேர்ந்துதான் உங்களைக் குழந்தைகள் அலமாரிக்கு இழுத்துச் சென்றிருக்கின்றன.

என்னைக் கேட்டால் இது பூனையைப் பற்றிய கதைகூட அன்று, வாடகை வீட்டைப் பற்றிய கதை. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் தெருவில் போய்க்கொண்டிருந்த சி என்ற குட்டி பராக்குப் பார்த்துப் பின்தங்கி, வழி தெரியாமல் அலைந்து, ஒரு பூங்காவில் சோர்ந்து கிடக்கிறது. அங்கே விழுந்து அழுதுகொண்டிருந்த யோஹேய் என்ற சிறுவன் அதைப் பார்க்கிறான். அவனும் அவன் அம்மாவும் குட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அவர்களுடைய யாமாடா குடும்பம் குடியிருக்கும் கட்டடத்தில் விலங்குகள் வளர்க்கத் தடை. அதன் பிறகு முதல் சில தொகுதிகள் முழுவதும், கண்காணிப்பாளர் அம்மாளின் காதில் ஒரு 'மியாவ்' விழுந்துவிடக் கூடாதே என்ற பதைப்புத்தான் கதை. வாடகைக்குக் குடியிருந்து பார்க்காத குழந்தைக்கு அந்தப் பதைப்பு எப்படிப் புரியும்?

அக்டோபர் 8

பெயரைக் குறிலில் 'சி' என்று எழுதியது தவறு, நானும் உங்களைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். ஜப்பானியத்தில் அது நெடில். உச்சரிப்புக்கு மிக நெருக்கமாக எழுதினால் 'ச்சீ' என்றே வரும். ஆம், முகத்தைச் சுளித்துக்கொண்டு நாம் சொல்லும் அதே 'ச்சீ'.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயர் பிறந்த விதமும் ஏறக்குறைய அதுவே. குழந்தைகள் சிறுநீர் கழிப்பதற்கு ஜப்பானிய வீடுகளில் வழங்கும் மழலைச் சொல்லிலிருந்து வந்தது அது. குட்டியை மணல் தட்டில் போகப் பழக்கும்போது அந்தச் சொல் வீட்டில் ஓயாமல் அடிபட, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அது திரும்பிப் பார்த்துவிடுகிறது. நம் வீட்டுக் குட்டிக்கு 'உச்சா' என்று பெயர் நிலைத்துவிட்டால் எப்படியிருக்கும், அப்படி.

தலைப்பிலும் ஒரு குறும்பு இருக்கிறது. ஜப்பானிய எழுத்தில், 'ச்சீயின்' என்று பொருள்படும் தலைப்பின் ஆங்கிலச் சொல்லும் பாலாடைக்கட்டியைக் குறிக்கும் 'சீஸ்' என்பதும் ஒரே மாதிரி எழுதப்படும். கடையில் முதன்முதலில் பார்த்தபோது சமையல் புத்தகம் என்று நினைத்துத் திருப்பி வைத்தவன் நான்.

அக்டோபர் 12

எப்படிப் படிக்கத் தொடங்கினேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கருத்துகள் அங்கிருந்தே வருகின்றன. தோக்கியோவின் கிழக்குப் பக்கம், எதோகாவா வட்டாரத்தில், நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் நிஷி-கசாயில் ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். மொழி கற்பதற்குப் படம் போட்ட புத்தகம் வேண்டும் என்று பழைய புத்தகக் கடையில் 110 யென் அலமாரியைத் துழாவியபோது இரண்டாவது முறையாக இது கையில் சிக்கியது. பூனையிடம் மனிதர்கள் நீண்ட வாக்கியங்கள் பேசுவதில்லை. பூனையும் நீண்ட வாக்கியங்களில் நினைப்பதில்லை. மொழி கற்பவனுக்கு இதைவிட வசதியான புத்தகம் ஏது?

ஆனால் மூன்றாவது அத்தியாயத்துக்குள்ளேயே ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. ச்சீ நினைப்பதெல்லாம் நமக்குச் சொற்களாகக் கேட்கிறது. யாமாடா வீட்டாருக்கோ அது வெறும் 'மியா'. அவர்கள் பேசுவது நமக்குப் புரிகிறது. ச்சீக்கு அதில் பாதிதான் புரிகிறது, புரிந்த பாதியையும் அது தவறாகப் புரிந்துகொள்கிறது. அப்பா ச்சீயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகும் இடத்தைப் பாருங்கள். அதன் நன்மைக்காகத்தான் கொண்டு போகிறார் என்பது நமக்குத் தெரியும். பூனைக்குத் தெரிந்ததெல்லாம், இந்த ஆள் நம்மைப் பையில் போட்டு ஒரு கொடிய இடத்தில் கொண்டுபோய் விட்டார் என்பது மட்டுமே. வீடு திரும்பிய பிறகு அவரைக் கண்டாலே ஒதுங்கி ஓடுகிறது. அவர் அதன் மனத்தை மீண்டும் வெல்லப் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இரண்டு தரப்புக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நாம் உட்கார்ந்திருக்கிறோம், ஒரு சொல்கூடச் சொல்ல முடியாத மொழிபெயர்ப்பாளராக. ஜப்பான் வந்த முதல் ஆண்டில் வட்டார அலுவலகச் சன்னலோரம் நான் நின்ற நிலைக்கும் ச்சீயின் நிலைக்கும் அதிக வேறுபாடு இல்லை என்பதால் எனக்கு அது கொஞ்சம் ஆழமாகவே பட்டது.

படம் வரையும் கோணத்தையும் கவனியுங்கள். பல கட்டங்களில் நம் கண் தரையை ஒட்டி இருக்கிறது: வீட்டுச் செருப்புகள், மேசையின் அடிப்பாகம், முழங்காலோடு முடிந்துவிடும் மனிதர்கள். அதே கட்டடத்தில் ஒளித்து வளர்க்கப்படும் குரோயினோ என்ற பெயருடைய பெரிய கறுப்புப் பூனை ச்சீக்கு உலக வழக்கம் சொல்லித் தருகிறது. அது வரும் கட்டங்களில் மட்டும் கோணம் சற்றே உயர்வது போல் எனக்குத் தோன்றுகிறது. குட்டி அண்ணாந்து பார்க்கும் உயரம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 13

திருத்தம். என் மகள் இங்கேயே பள்ளியில் படிக்கிறாள், என்னைவிட வேகமாகப் படிப்பாள். நேற்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "குரோயினோ பேரே இல்லப்பா, 'கறுப்பா இருக்கிறது'ன்னுதான் அர்த்தம்" என்றாள். உண்மைதான். ச்சீ அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணில் பட்டதைச் சொல்கிறது, அதுவே பெயராக நின்றுவிடுகிறது. பின்னால் வரும் தெருப்பூனை 'கொச்சி'யின் பெயருக்கும் 'இந்தப் பக்கம்' என்றுதான் பொருள். கேரளத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆக, சிறுநீர், கறுப்பானது, இந்தப் பக்கம். முக்கியமான மூன்று பூனைகளில் ஒன்றுக்குக்கூட உருப்படியான பெயர் கிடையாது.

அக்டோபர் 20

'பூனை மங்கா என்றால் மைக்கேல்தான், ச்சீ வெறும் சர்க்கரைப்பாகு' என்று ஒருவர் கடிந்திருக்கிறார். மாக்கோத்தோ கொபயாஷியின் 'வாட்ஸ் மைக்கேல்' எனக்கும் பிடிக்கும். 1984-இல் இதே 'மார்னிங்' இதழில் தொடங்கி, 1986-இல் கோதான்ஷா மங்கா விருதை மங்கா மேதை ஒசாமு தெசுகாவின் படைப்பு ஒன்றோடு பகிர்ந்துகொண்டது என்றால் அதன் தகுதி பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? அதில் பூனைகளைக் கண்டால் நடுங்கும் ஒரு யாகுசா, அதாவது ஜப்பானிய ரவுடிக் கும்பல்காரர், வருவார். உடம்பெல்லாம் முரட்டுத்தனம், எதிரே ஒரு பூனை வந்தால் வியர்த்துக் கொட்டும்.

மைக்கேலின் புகழ்பெற்ற நடனம் நுணுக்கமான கவனிப்பிலிருந்து பிறந்தது. பூனை குறி தவறி எங்காவது சறுக்கி விழுந்தால், ஒன்றுமே நடக்காதது போல உடனே முன்னங்காலை நக்க ஆரம்பிக்கும். பூனை வளர்த்த எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். கொபயாஷி அந்தச் சமாளிப்பை இன்னும் ஒரு படி இழுத்து, செம்பட்டை வரிப்பூனையைப் பின்னங்கால்களில் எழுப்பி நிறுத்தி ஆட விட்டுவிட்டார்.

ஆனால் ஒன்று. மைக்கேலுக்கு நிரந்தர வீடு இல்லை. ஓர் அத்தியாயத்தில் ஒரு குடும்பம், அடுத்ததில் வேறு வீடு, வேறு எசமானர். பூனை என்ற இனத்தையே வேடிக்கை பார்க்கும் கதை அது. அதில் இழப்பதற்கு எதுவும் இல்லை. ச்சீயோ ஒரே குட்டி, ஒரே வீடு, அந்த வீடும் பறிபோகக் கூடியது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், அதை மறுக்கவில்லை.

நவம்பர் 3

வாடகைப் பேச்சுக்குத் திரும்புகிறேன். ஜப்பானில் வீடு தேடியவர்களுக்கு இரண்டு சொற்கள் மனப்பாடமாக இருக்கும். விளம்பரத்தாளில் 'பெட்டோ ஃபுகா' என்று இருந்தால் விலங்கு கூடாது. 'பெட்டோ சோதான்' என்று இருந்தால் பேசிப் பார்க்கலாம். பேசிப் பார்ப்பது என்றால் பெரும்பாலும் முன்பணத்தில் இன்னும் ஒரு மாத வாடகையைக் கூட்டி வைப்பது என்று பொருள். எங்கள் ஒப்பந்தம் முதல் வகை. கையெழுத்திடும் நாளில் வீட்டுத் தரகர் அந்த ஒரு வரியை மட்டும் விரலால் தொட்டுக்காட்டி, இரண்டு முறை வாசித்தார். மற்றப் பக்கங்களை அவர் வாசித்த வேகத்துக்கு நான் மூச்சு வாங்கினேன்.

கதையில் கறுப்புப் பூனை அகப்பட்டுவிடுகிறது. அதன் வீட்டார் காலி செய்துகொண்டு போகிறார்கள். நேற்று வரை சன்னல் வழியே வந்து கொண்டிருந்த ஒருவர் இன்று இல்லை என்பதை ச்சீ எப்படி விளங்கிக்கொள்கிறது என்பதைக் கனாட்டா பெரிய வசனம் எதுவும் இல்லாமல் காட்டுகிறார். பிறகு யாமாடா குடும்பமும் பூனை வளர்க்க அனுமதியுள்ள வீட்டுக்கு மாறுகிறது. இந்தக் கதையிலிருந்து 2008-இல் வந்த தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவத்துக்கு, 2009-இல் வைத்த பெயரே 'ச்சீயின் புதிய முகவரி'. வாடகைக் கதை என்று நான் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எங்களுக்கும் ஒரு குட்டி கிடைத்தது. 2023 சூன் மாதம், கட்டடத்தின் மிதிவண்டி நிறுத்தத்தில், மழையில் நனைந்த அட்டைகளுக்குப் பின்னால். வெள்ளையும் சாம்பலுமாக, முதுகில் கரும்பட்டைகளோடு இருந்தது. இந்த வகையை இங்கே 'சபாதோரா' என்பார்கள்; சபா என்றால் கானாங்கெளுத்தி, தோரா என்றால் புலி. கானாங்கெளுத்தியின் முதுகில் இருக்கும் வரிகளை நினைத்துக்கொண்டால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது புரியும். ச்சீயும் அதே நிறம்தான், என் மகளுக்கு வேறு என்ன தோன்றும்? ஒப்பந்தத்தில் இடமில்லை என்பதால் குட்டியைக் 'கோபான்' எனப்படும் தெருமுனைக் காவல் சாவடிக்குக் கொண்டு போனேன். சட்டப்படி செய்ய வேண்டியது அதுதான்.

நவம்பர் 4

நேற்று எழுதியதை மனைவி படித்தாள். "உடனே கொண்டுபோன மாதிரி எழுதியிருக்கீங்களே" என்றாள்.

சரி. உடனே கொண்டு போகவில்லை. இரண்டு இரவு குளியலறையில் வைத்திருந்தோம். ஆரஞ்சுப் பழம் வந்த அட்டைப்பெட்டி, பழைய துண்டு, மருந்துக்கடையில் வாங்கிய பூனைக்குட்டிகளுக்கான பால்மாவு. மாட்டுப்பால் கொடுத்தால் குட்டிக்கு வயிறு போய்விடும் என்பது அந்த டப்பாவைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும். அதுவரை பூனை என்றால் பால் என்றுதான் நினைத்திருந்தேன். அது கத்தும்போதெல்லாம் காற்றோட்ட விசிறியைப் போட்டுவிடுவோம், சத்தம் அமுங்கட்டும் என்று. விடிய விடிய அந்த விசிறி ஓடியது. மூன்றாம் நாள் காலையில் கீழ் வீட்டுக்காரர் மின்தூக்கியில் என்னைப் பார்த்து, குளியலறையில் ஈரம் அதிகமோ என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார். அன்றைக்குத்தான் சட்டம் நினைவுக்கு வந்தது.

நவம்பர் 17

ஒரு மாதமாக இதையே நினைத்துக்கொண்டிருந்ததில், அக்டோபர் 6-ஆம் தேதி நான் எழுதியது அரைகுறை என்று தெரிகிறது. வாடகை வீடு கதையின் முதல் கால்பகுதியோடு முடிந்துவிடுகிறது. மீதிக்கதை எதைப் பற்றியது?

மறதியைப் பற்றியது என்று இப்போது சொல்வேன். தொடக்கத்தில் ச்சீ அம்மாவிடம் போக வேண்டும் என்று துடிக்கிறது, கதவு திறந்தால் வெளியே பாயப் பார்க்கிறது. பிறகு எப்போது என்று குறித்துச் சொல்ல முடியாதபடி, 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று அது நினைக்கும்போது அந்த வீடு யாமாடா வீடாக மாறியிருக்கிறது. அம்மாவின் மணமோ கதகதப்போ எப்போதாவது கனவு போல வந்து போகிறது. அது என்னவென்றுகூடக் குட்டிக்குத் தெரிவதில்லை. இதை ஆசிரியரின் கற்பனை என்று ஒதுக்க முடியாது. பிறந்த 2-ஆம் வாரத்திலிருந்து 7-ஆம் வாரம் வரை யாருடைய கைகளில் புழங்குகிறதோ அவர்களிடமே பூனைக்குட்டி எளிதாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பருவம் தாண்டிப் பிடிபட்ட குட்டிகள் மனிதருடன் பழகுவது எவ்வளவு கடினம் என்பது தெருப்பூனைகளைப் பராமரிப்போர் எல்லோருக்கும் தெரியும். ச்சீ மறந்தது அது குட்டியாக இருந்ததால்.

மறக்காதவர்கள் நாம். முதல் அத்தியாயத்தை நாம் படித்திருக்கிறோம். அந்தத் தாய் எங்கோ தேடிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பைத் தொகுதி தொகுதியாகச் சுமந்து வருவது வாசகன் மட்டுமே. கதைக்குள் இருக்கும் எவருக்கும் அந்தச் சுமை இல்லை. ச்சீ தன் பாட்டுக்குத் திரைச்சீலையில் தொங்கிக்கொண்டு மகிழ்ச்சியாக இருக்கிறது. உங்கள் மகன் தினமும் 'அம்மா எப்போது வருவாள்' என்று கேட்கிறானே, அந்தக் கேள்வியை ச்சீ கேட்பதை நிறுத்திவிட்டது. அவன் கேட்கிறான். அப்படியானால் புத்தகத்தை மிகச் சரியாகப் படித்திருப்பவன் அவன்தான், 'குழந்தைக்கு எப்படிப் புரியும்' என்று நான் எழுதியது அபத்தம்.

நவம்பர் 18

'ஒரு பூனைக்குட்டிக் கதைக்கு இவ்வளவு தத்துவமா' என்று கேட்டவருக்கு: மறதி என்பது தத்துவம் அன்று. சாவியை எங்கே வைத்தேன் என்று இன்று காலை அரை மணி நேரம் தேடினேன்.

டிசம்பர் 1

யாமாடா குடும்பம் செய்தது திருட்டு இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடுமையான சொல், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. பிந்திய தொகுதிகளில் அப்பாவின் கண்ணில் ஒரு சுவரொட்டி படுகிறது: காணாமல் போன பூனைக்குட்டி, படத்தில் இருப்பது ச்சீயேதான். அதற்கு ஏற்கெனவே 'சாரா' என்று பெயர் இருந்திருக்கிறது. அதாவது தாய்ப்பூனை தெருப்பூனை அன்று, அதற்கும் ஒரு வீடு உண்டு. சாரா என்பது இந்தக் கதையிலேயே பூனைக்கு மனிதர் யோசித்து வைத்த ஒழுங்கான பெயர்களில் ஒன்று என்பதையும் கவனியுங்கள். அந்தப் பெயர் ச்சீக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது? ஜப்பானில் பிறர் வளர்க்கும் விலங்கு வழி தவறி வந்தால், அது தொலைந்த பொருள் கணக்கில் சேரும். கண்டெடுத்தவர் காவல் துறையிடம் சொல்ல வேண்டும். உரியவர் வராவிட்டால் 3 மாதம் கழித்துக் கண்டெடுத்தவருக்கு உரிமை வரும். இந்த 3 மாதம் 2007 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம். அதற்கு முன் 6 மாதம். கதை தொடங்கிய 2004-ஆம் ஆண்டுக் கணக்கில் ச்சீக்கு 6 மாதம் ஓட வேண்டும், அதற்குள் அது பூங்காவை மட்டுமா, தாயையும் மறந்திருக்கும். யாமாடா வீட்டார் தொடக்கத்தில் குட்டிக்கு வேறு வீடு தேடுகிறார்களே ஒழிய, அதன் பழைய வீட்டைத் தேடுவதில் அவ்வளவு முனைப்புக் காட்டுவதில்லை. குட்டியைப் பார்த்தவுடன் 'இதற்கு யாரும் இல்லை' என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். இன்றைய கதையாக இருந்தால் நிலைமை வேறாக இருக்கலாம். விற்பனைக்கு வரும் நாய், பூனைகளுக்குத் தோலுக்கடியில் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லு பொருத்துவது 2022 சூன் 1 முதல் கட்டாயம். ஆனால் வீட்டிலேயே பிறந்த குட்டிக்கு அது கட்டாயமில்லை.

எங்கள் கோபானில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். குடை, பணப்பை, கைப்பேசி தொலைந்தால் எழுதும் அதே வகைப் படிவம். காவலர் இளைஞர். நிறம், வரி, வால் நீளம், கழுத்துப்பட்டை இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதினார். வாலை அளப்பதற்கு மேசையில் இருந்த அளவுகோலை எடுத்தார், குட்டி அதைக் கடித்தது. உரியவர் வராவிட்டால் உங்களுக்கு உரிமை வேண்டுமா என்று கேட்டார். மகள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம் என்றேன். எங்களோடு வந்திருந்தார் பக்கத்துக் கட்டடத்து மூதாட்டி ஒருவர். அந்தப் பகுதித் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து, காதின் நுனியைச் செர்ரிப்பூ இதழ் வடிவில் கத்தரித்து அடையாளமிட்டு விடும் தன்னார்வலர். "அப்படியானால் என் பெயரில் எழுதுங்கள்" என்றார் அந்த அம்மா. காவலர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, முதல் படிவத்தை நீளவாக்கில் கிழித்தார். புதிய தாளில் மறுபடியும் வால் நீளத்திலிருந்து தொடங்கினார்.

மகள் என்னிடம் நான்கு நாள் பேசவில்லை.

டிசம்பர் 28

வேறு பூனைக் கதைகளைச் சொல்லுங்கள் என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. யுமிகோ ஓஷிமா 1978-இல் தொடங்கிய 'வாத்தா நோ குனிஹோஷி'யில் வரும் குட்டி, பூனைகள் வளர்ந்தால் மனிதராகிவிடும் என்று நம்புகிறது; அதனால் அதைப் பூனைக் காது வைத்த சிறுமியாகவே வரைந்திருப்பார். அது நம்புவதை நாம் பார்க்கிறோம், வீட்டார் பார்ப்பதில்லை. ச்சீயின் இரட்டைப் பார்வைக்கு இது மூத்த அக்கா. திகில் மங்கா மன்னர் ஜுன்ஜி இட்டோ தன் வீட்டு இரண்டு பூனைகளைப் பற்றி வரைந்தது இன்னொன்று. பூனை சோபாவில் ஏறுவதைக்கூடப் பேய் ஏறுவது போல வரைகிறார், வயிறு வலிக்கச் சிரித்தேன். உமி சகுராயின் 'ஒஜிசாமா தோ நெகோ'வில் கடையில் விலை குறைத்துக் குறைத்தும் விற்காமல் போன பூனையை, மனைவியை இழந்த ஒரு பெரியவர் வாங்குகிறார். அது மனமறிந்து அழ வைக்கும் வகை, கைக்குட்டை தேவை.

2025 சனவரி 19

தமிழில் வந்தால் எப்படியிருக்கும் என்று ஒரு பக்கத்தை மொழிபெயர்த்துப் பார்த்துத் தோற்றேன். ச்சீ மழலையில் நினைக்கும். ஆங்கிலப் பதிப்பில் 'ர' வரும் இடங்களில் 'வ' ஒலியைப் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். நமக்கு அந்தச் சிக்கனம் போதாது, தமிழ்க் குழந்தை ஒரே எழுத்தோடு நிற்பதில்லை. 'சாப்பாடு' என்பது 'தாப்பாடு' ஆகும், 'கதவு' என்பது 'ததவு' ஆகும், 'பசிக்குது' என்பது 'பதிக்குது' ஆகும். 'ர'வை 'ல'வாக்கும் குழந்தையின் வாயில் 'மரம்' என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். பெயரே சிறுநீரிலிருந்து வந்த பூனைக்கு அது பொருத்தம்தான், ஆனால் பதிப்பாளர் ஒப்ப மாட்டார்.

ஓர் இடத்தில் மட்டும் தமிழ் நன்றாக உட்கார்ந்தது. ஜப்பானியச் சிறு குழந்தைகள் தம்மை 'நான்' என்று சொல்லாமல் பெயர் சொல்லியே குறிப்பிடுவது வழக்கம், ச்சீயும் அப்படித்தான். நம் வீடுகளிலும் 'பாப்பாவுக்கு வேணும்' என்றுதான் குழந்தை கேட்கும். "ச்சீக்கும் பால்" என்று எழுதிவிட்டு உரக்கப் படித்துப் பார்த்தேன். அடுத்த அறையிலிருந்து மனைவி யாரைத் திட்டுகிறீர்கள் என்று கேட்டாள்.

பிப்ரவரி 22

இன்று ஜப்பானில் பூனை நாள். பூனையின் குரலை இங்கே 'ஞான்' என்பார்கள். இரண்டு என்பதற்கு 'நி' என்பதால் 2-2-2 என்ற தேதியை 'ஞான் ஞான் ஞான்' என்று படித்து, 1987 முதல் கொண்டாடுகிறார்கள்.

மாலையில் பக்கத்துக் கட்டடத்து வழியாக வந்தோம். கீழ்த்தளச் சன்னலில் எங்கள் கானாங்கெளுத்திப் புலி உட்கார்ந்திருந்தது. மூன்று மாதமும் உரியவர் எவரும் வரவில்லை, அந்த அம்மாளின் பூனையாகிவிட்டது. பெயர் 'மாமே', அவரை விதை. இப்போது அவரைக்குரிய உருவம் அதற்கு இல்லை. நான்கு கால்களையும் வயிற்றுக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெட்டி போல இருந்தது. மகள் கண்ணாடியில் விரலை வைத்தாள். அது விரலைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது. பிறகு முன்னங்காலை வெளியே எடுத்து நிதானமாக நக்க ஆரம்பித்தது. "மைக்கேல் மாதிரி சமாளிக்குது, ஞாபகம் இருக்கு அதுக்கு" என்றாள் மகள். இருபது மாதங்கள் ஆகிவிட்டன, அதற்கு நினைவிருக்க வழியில்லை என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மார்ச் 2

கேள்வி கேட்ட வாசகர் மீண்டும் வந்திருக்கிறார். பையன் 11 தொகுதிகள் முடித்துவிட்டானாம், 12-ஐ வாங்கித் தருவதற்கு முன் தாய் வருவாளா மாட்டாளா என்பதை மட்டும் சொல்லுங்கள் என்கிறார்.

ஐந்து மாதமாக இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: கடைசித் தொகுதியை நான் படித்ததில்லை. 110 யென் அலமாரியில் 1 முதல் 11 வரை இரண்டு வரிசை நிற்கின்றன, 12 எப்போதும் இருப்பதில்லை. பழைய புத்தகக் கடையில் கடைசித் தொகுதியை யாரும் விற்பதில்லை போலிருக்கிறது. மகள் தோழி வீட்டில் படித்திருக்கிறாள். கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுகிறாள், ஆம் என்றா இல்லை என்றா தெரியவில்லை.

மார்ச் 9

புதிய பிரதியாகவே வாங்கிவிட்டேன். மேசையில் இருக்கிறது, மேலுறையைக் கழற்றவில்லை. மகள் அதைப் பார்த்துவிட்டு, "ராத்திரி படிங்க, எல்லாரும் தூங்கின அப்புறம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உங்கள் மகனை அடுத்த ஞாயிறு வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.